சேதாரம் எந்த அத்தியாயத்தில் இருக்கிறது?

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறையின் கணக்கைக் கவனித்துவரும் அக்கா ஒருவர், சென்ற ஆடி மாதம் என்னை வரச்சொல்லித் தம் கணினித் திரையைக் காட்டினார். "சேதாரம்னு போட்டா ஒண்ணுமே வர மாட்டேங்குதுங்க தம்பி. உங்க உதவிப் புத்தகத்துல அந்த வார்த்தையே இல்லீங்களா?" என்று கேட்டார். அவர் பயன்படுத்தும் எங்கள் கணக்கு மென்பொருளின் உதவிக் கையேட்டை எழுதியவன் நான். சேதாரத்துக்கென்றே அதில் ஒரு முழுப் பகுதியை எழுதியிருந்தேன். கட்டி வெள்ளியை எடைபோட்டுக் கொடுத்துக் கொலுசாகத் திரும்ப வாங்கும்போது, உருக்குவதிலும் கம்பி இழுப்பதிலும் மெருகிடுவதிலும் குறையும் எடையை எப்படிப் பதிவது என்பதை மூன்று எடுத்துக்காட்டுகளுடன் விளக்கியிருந்தேன். அவ்வளவும் இருந்தும் அவருக்கு ஒரு வரிகூடக் கிடைக்கவில்லை.

வீட்டுக்கு வந்து பார்த்தபோது காரணம் இரண்டாகப் பிரிந்தது. அவர் திறந்து வைத்திருந்தது 'கொள்முதல்' அத்தியாயம். எங்கள் தேடுபெட்டியோ, திறந்திருக்கும் அத்தியாயத்துக்குள் மட்டுமே தேடும்படி அமைக்கப்பட்டிருந்தது. சேதாரம் பற்றிய பகுதி 'பட்டறைக் கணக்கு' அத்தியாயத்தில் இருந்தது. கொள்முதல் அத்தியாயத்திலும் அந்தச் சொல் நான்கு இடங்களில் வந்திருந்தது; ஆனால் அவை 'சேதாரத்தை', 'சேதாரத்துக்கு' என்ற வடிவங்களில் இருந்ததால், 'சேதாரம்' என்று தட்டியவருக்கு அவையும் அகப்படவில்லை.

அத்தியாயப் பிரிவு என்பது எழுதுகிறவன் தன் வசதிக்காகப் போட்டுக்கொண்ட வேலி. பட்டறையில் அமர்ந்து கணக்கு எழுதுபவருக்கு அந்த வேலி எங்கே ஓடுகிறது என்று தெரிந்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. வரியை எடுத்துக்கொண்டாலே இது புரியும். 2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. நடைமுறைக்கு வந்த பின், வெள்ளி நகை விற்பனைக்கு 3 சதவீதம், நகை செய்து கொடுக்கும் கூலிக்கு 5 சதவீதம் என்று இரண்டு விகிதங்கள் அமைந்தன. முதலாவதை விற்பனை அத்தியாயத்திலும் இரண்டாவதைப் பட்டறை அத்தியாயத்திலும் எழுதினேன். எழுதுகிறவனுக்கு அது ஒழுங்கான ஏற்பாடு. 'வரி' என்று தேடுகிறவருக்கு இரண்டும் ஒரே திரையில் வந்தால்தான் தமக்குரியது எது என்று பிரித்தறிய முடியும்.

ஆகவே, தேடல் எப்போதும் முழுக் கையேட்டிலும் நடக்கட்டும் என்று முடிவு செய்தேன். திறந்திருக்கும் அத்தியாயத்தின் முடிவுகளுக்குச் சற்று முன்னுரிமை தந்தேன், மற்றவற்றை மறைக்கவில்லை. ஒரே அத்தியாயத்துக்குள் தேட விரும்புவோர் அதைத் தாமே தெரிவு செய்துகொள்ளலாம். கேட்காமலே எல்லையைச் சுருக்கிவிட்டு "முடிவுகள் இல்லை" என்று சொல்லும் தேடல், உள்ளதை இல்லை என்று சொல்கிறது. அது பயனரிடம் பொய் சொல்வதற்குச் சமம் என்றே கருதுகிறேன்.

எல்லையை விரித்தவுடன் வேறொரு சிக்கல் எழுந்தது. 'திருத்துதல்', 'அச்சிடுதல்' ஆகிய உட்தலைப்புகள் ஏறத்தாழ எல்லா அத்தியாயங்களிலும் இருக்கின்றன. அவை வரிசையாக வந்து நின்றால் எது எதைச் சார்ந்தது என்று யாருக்கும் விளங்காது. ஒவ்வொரு முடிவின் மேலும் 'பட்டறைக் கணக்கு – சேதாரம் – திருத்துதல்' என்று முழு வழியும் தெரியும்படி செய்தேன். அதைச் செய்யும்போதுதான் இன்னொரு குறையும் கண்ணில் பட்டது. 'சேதாரம்' என்ற தலைப்பின் கீழ் வரும் 'திருத்துதல்' பகுதிக்குள் சேதாரம் என்ற சொல்லே இல்லை. தலைப்பிலேயே சொல்லிவிட்டோமே என்று நான் திரும்ப எழுதவில்லை. படிக்கிறவருக்கு அது இயல்பான எழுத்து, தேடலுக்கோ அது தொடர்பே இல்லாத பகுதி. எந்தச் சொல் எந்தப் பகுதியில் வருகிறது என்று தேடலுக்குக் காட்டும் சொல்லடைவைத் தயாரிக்கும்போது, ஒவ்வொரு சிறு பகுதியுடனும் அதன் மேல்தலைப்புகள் அனைத்தையும் சேர்த்தே பதிவது என்று மாற்றிய பிறகு, 'சேதாரம் திருத்த' என்று இரண்டு சொற்களைத் தட்டினாலும் சரியான இடம் முதலில் வருகிறது.

முடிவுகளை வரிசைப்படுத்துவதற்கு, கணினி அறிவியலாளர் கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் 1972இல் முன்வைத்த கருத்தே இன்றும் அடிப்படையாக இருக்கிறது: ஒரு சொல் எவ்வளவு குறைவான பகுதிகளில் வருகிறதோ, அந்த அளவுக்கு அதற்கு மதிப்பு அதிகம். எங்கள் கையேட்டில் 'கொலுசு' எல்லாப் பக்கத்திலும் உண்டு, அதனால் அது எதையும் பிரித்துக் காட்டாது. 'சேதாரம்' காட்டும்.

இனி என்னை அதிக நாள் உட்கார வைத்த பகுதிக்கு வருகிறேன். தமிழ்ச் சொல் வேற்றுமை உருபை ஏற்கும்போது தன் ஈற்றை மாற்றிக்கொள்கிறது. 'சேதாரம்' என்பதில் மகர மெய்யை நீக்கி 'சேதார' என்று தேடினால் எல்லா வடிவங்களும் கிடைக்கின்றன. 'பேரேடு' என்பதன் உகரத்தை நீக்கினால் 'பேரேட்டில்' என்பதும் அகப்படுகிறது. ஏனெனில் எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் பொது முறையான யூனிகோடில், புள்ளியும் உயிர்க்குறியும் 'ட' போன்ற அகரமேறிய எழுத்தை அடுத்துத் தனித்தனியே சேமிக்கப்படுகின்றன. இதே முறையை 'இருப்பு' என்ற சொல்லில் வைத்துப் பார்த்தபோது கையேடு முழுவதும் திரையில் வந்து நின்றது. 'இருப்பதால்', 'இருப்பவர்' ஆகியவையும் அதே எழுத்துகளில்தானே தொடங்குகின்றன! கண்டபடி வெட்டக்கூடாது, வெட்டிய இடத்துக்குப் பின் வேற்றுமை உருபு மட்டுமே வரலாம் என்று பட்டியல் போட்ட பிறகே அது அடங்கியது.

'சேதாரத்தைக் கழிக்க' என்பதில் வரும் 'க்' போன்ற ஒற்றெழுத்துகளையும் நீக்க வேண்டும். தமிழ்ச் சொல் வல்லின மெய்யில் முடிவதில்லை என்பதால் இது பாதுகாப்பான விதி என்று நம்பினேன். ஆனால் வெள்ளித் தொழிலில் தூய்மையைக் குறிக்கும் சொல் 'டச்'. விதிப்படி அதன் ஈற்றை நீக்கியதும் 'ட' மட்டும் மிஞ்சியது. 'ஸ்டாக்' என்பதற்கும் அதே கதி நேர்ந்தது. இப்படிப்பட்ட கடன்சொற்களுக்குத் தனி விலக்குப் பட்டியல் வைத்திருக்கிறேன். கையேட்டில் நான் எழுதியது 'தூய்மை', பட்டறையில் ஒருவரும் அப்படிச் சொல்வதில்லை என்பதால், 'டச்' என்று தேடினாலும் அந்தப் பகுதி வரும்படி இணைத்தேன். அடுத்த பதிப்பில் கையேட்டிலேயே 'டச்' என்று எழுதிவிடுவேன்.

சொல்லின் நடுவிலிருந்து பொருத்துவதையும் கைவிட்டேன். நாங்கள் ஜவ்வரிசி தயாரிக்கும் சேகோ ஆலைகளுக்கும் ஒரு மென்பொருள் செய்கிறோம். அதன் கையேட்டில் 'வரி' என்று தேடினால் 'ஜவ்வரிசி' வரும் பக்கமெல்லாம் வந்தது. சேலத்துச் சேகோ ஆலையின் கையேட்டில் ஜவ்வரிசி இல்லாத பக்கம் ஏது? சொல்லின் தொடக்கத்திலிருந்தே பொருத்த வேண்டும் என்றபோதும் 'வரிசை' உள்ளே வந்தது. அதையும் உருபுப் பட்டியல்தான் தடுத்தது.

எழுத்துச் சேமிப்பிலும் கவனம் தேவைப்பட்டது. 'கொலுசு' என்பதன் முதலெழுத்தில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, கணினிக்கு வெவ்வேறு. பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய எங்கள் அத்தியாயங்களில் இரண்டாவது வகை நிறைய இருந்தது. யூனிகோடின் சீராக்க முறையில் கையேட்டையும் தேடுசொல்லையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவந்தால் இது தீரும். ஔகாரக் குறிக்குப் பதிலாக 'ள' எழுத்தையே தட்டி வைத்திருந்த இடங்களை அந்தச் சீராக்கம் தொடாது. அவற்றைக் கையாலேயே திருத்தினேன்.

கிடைத்த சொல்லை மஞ்சளில் காட்டும்போது முழுச் சொல்லையும் காட்ட வேண்டும். 'இருப்பை' என்பதில் பொருந்திய பகுதி வரை மட்டும் நிறம் பூசினால், 'பை' என்ற எழுத்திலிருந்து அதன் குறி பிய்ந்து நிற்கும். படிப்பவர் அதை எழுத்துப்பிழை என்றே நினைப்பார்.

'பொருள்', 'பொருட்கள்' என்ற இணையை எந்த வெட்டும் சேர்த்து வைக்காது. அதனால் அது இன்னமும் தனிப் பட்டியலில்தான் இருக்கிறது. சொற்களைச் சேர்த்தும் பிரித்தும் எழுதும் வழக்கமே இப்போது மீதமிருக்கும் வேலை. 'கூலிக்கணக்கு' என்று ஓர் அத்தியாயத்திலும் 'கூலிக் கணக்கு' என்று இன்னோர் அத்தியாயத்திலும் நானே எழுதியிருக்கிறேன். இதற்கு விதி எழுதுவதைவிடக் கையேட்டைத் திருத்துவதே நேர்மையான வழி என்று தோன்றியதால், முதல் அத்தியாயத்திலிருந்து ஒவ்வொரு பக்கமாகப் பிரித்து எழுதிக்கொண்டு வருகிறேன். நேற்று இரவு விற்பனை அத்தியாயம் முடிந்தது.