ஊர்க் கோயில் குடமுழுக்கை நேரலை செய்த அனுபவம்

எங்கள் ஊர் சிவகங்கைப் பக்கம். வீட்டுக்கு ஒருவராவது சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ இருப்பார்கள். 12 வருடம் கழித்து சிவன் கோயிலுக்குக் குடமுழுக்கு என்றதும், "வர முடியாதவங்களுக்கு லைவ்ல காட்டிரலாமாப்பா?" என்று திருப்பணிக் கமிட்டியில் கேட்டார்கள். கல்யாண வீடியோ எடுத்துப் பழகிய நானும் நண்பர்கள் மூவரும் ஒப்புக்கொண்டோம்.

கேமராவுக்கு முன்னால் இணையத்தைத்தான் பார்த்தோம். கோயிலில் இணைப்பு கிடையாது. சிம்மை நம்பலாமா என்று மாசித் திருவிழாவில் சோதித்தோம். பகலில் நல்ல வேகம் காட்டிய அதே இடத்தில், ராத்திரி கூட்டம் சேர்ந்ததும் ஒரு எம்பிபிஎஸ் (விநாடிக்கு ஒரு மெகாபிட் வேகம்) கூட வரவில்லை. அத்தனை பேரும் ஒரே டவரில் வீடியோ அனுப்பினால் வேறென்ன நடக்கும்?

சன்னதித் தெருவில் ஃபைபர் இணைப்பு வைத்திருந்த அத்தை வீட்டைக் கேட்டோம். அங்கிருந்து நாங்கள் உட்காரவிருந்த மடைப்பள்ளி வரை டேப் பிடித்து அளந்தால் 85 மீட்டர். ஈதர்நெட் கேபிள் ஒரே ஓட்டமாக 100 மீட்டர் வரை தாங்கும் என்பதால் பிழைத்தோம். ஸ்பீட் டெஸ்டில் எல்லோரும் டவுன்லோடைத்தான் பார்ப்பார்கள். நேரலைக்கு வேண்டியது அப்லோடு. அது 20 எம்பிபிஎஸ் இருந்தது. நேரலையை அனுப்பும் மென்பொருளான ஓபிஎஸ்ஸில் 1080பி, 6 எம்பிபிஎஸ், கீஃப்ரேம் (முழுப் படமாகப் போகும் ஃப்ரேம்) 2 விநாடிக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டு மீதி வேகத்தைத் தொடவே இல்லை.

முந்தின நாள் மதியம் ஒரு செய்தி வந்தது. கோபுரத்தை ஒட்டிப் போகும் லைனில் பாதுகாப்புக்காகக் காலை 8 மணிக்குக் கரண்ட்டை நிறுத்தப்போகிறார்களாம். கோயிலில் ஜெனரேட்டர் உண்டு, அத்தை வீட்டில் இல்லை. மோடம் அணைந்தால் எல்லாம் போச்சு. நல்லவேளை, ஃபைபரில் வழியில் இருக்கும் பிரிப்பான்களுக்குக் கரண்ட் தேவையில்லை; நம் பக்கம் மோடம் ஓடினால் போதும். அதுவும் 12 வோல்ட்தான். காரைக்குடிக்கு வண்டியை விட்டு, ரௌட்டருக்கென்றே விற்கும் சின்ன யூபிஎஸ் ஒன்றை வாங்கி வந்தோம்.

அதிக நேரம் பிடித்தது ஒலி. படம் கொஞ்சம் மங்கினால் பார்ப்பவர்கள் பொறுத்துக்கொள்வார்கள், மந்திரம் கரகரத்தால் மூடிவிட்டுப் போய்விடுவார்கள். மைக் செட் அண்ணனிடம் ஆம்ப்ளிஃபயரிலிருந்து லைன் அவுட் (ஒலியை வேறு கருவிக்கு எடுக்கும் இணைப்பு) வாங்கியதும் 'ம்ம்ம்' என்று ஒரே இரைச்சல். அவர் ஜெனரேட்டர் வேறு, எங்கள் மின்சாரம் வேறு; எர்த் ஒத்துப்போகவில்லை. இரண்டு பக்கத்தையும் மின்சாரத் தொடர்பில்லாமல் பிரித்து, ஒலியை மட்டும் கடத்தும் ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றை நடுவில் போட்டோம், சத்தம் கத்தரித்த மாதிரி நின்றது.

அப்புறம் பாட்டு. மைக் செட்டில் பக்திப் பாடல்கள் ஓடிக்கொண்டே இருக்கும். அது நேரலைக்குள் போனால் யூடியூப் பதிப்புரிமைக்காக ஒளிபரப்பையே நிறுத்தக்கூடும். "அண்ணே, பாட்டு இந்தப் பக்கம் வரக் கூடாது, ஐயர் மைக் மட்டும் குடுங்க" என்றேன். "அவ்வளவுதான தம்பி" என்று தனி வழியில் பிரித்துக் கொடுத்தார். நாதசுரத்துக்கு மட்டும் நாங்கள் தனி மைக் வைத்தோம். தவில் அடிக்கு ஒலி உடையாமலிருக்க, ராத்திரி யாகசாலை பூஜையிலேயே கெயினை (மைக் ஒலியைப் பெருக்கும் அளவை) குறைத்துப் பார்த்துக்கொண்டோம்.

கேமரா மூன்று. யாகசாலையில் ஒன்று, எதிர் வீட்டு மொட்டை மாடியில் ஒன்று, விமானத்துக்குப் பக்கத்துச் சாரத்தில் ஒன்று. மேலே இருப்பதற்கு எச்டிஎம்ஐ கேபிள் எட்டாது, அத்தனை நீளத்தில் படம் விட்டு விட்டு வரும். கன்வர்ட்டர் போட்டு, நீண்ட தூரத்துக்கும் வீடியோ கொண்டுபோகும் எஸ்டிஐ கேபிளாக இறக்கினோம். அந்தக் கன்வர்ட்டருக்குத் தனியாகக் கரண்ட் வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுவார்கள். நாங்கள் பவர் பேங்க்கில் மாட்டி, ஒயர் அசையாதபடி டேப் சுற்றினோம். புனித நீர் தெறிக்கும் என்று கேமராவுக்குப் பிளாஸ்டிக் உறை. மேலே நின்ற நண்பன் காலை 5 மணிக்கு ஏறியவன். சிவாச்சாரியார்கள் இறங்கும்வரை இறங்க முடியாது. தொப்பியும் இரண்டு பாட்டில் தண்ணீரும் கொடுத்து அனுப்பினோம்.

நேரலை லிங்க்கை இரண்டு நாள் முன்பே உருவாக்கி, 'இந்திய நேரம் 9.30, சிங்கப்பூர் நேரம் 12.00' என்று எழுதி வாட்ஸப்பில் அனுப்பியிருந்தோம். அதில் ஆட்டோ ஸ்டாப் என்ற யூடியூப் அமைப்பை அணைத்து வைத்தது முக்கியமான வேலை. அது இருந்தால், நடுவில் இணைப்பு அறுந்து கொஞ்ச நேரம் ஆனதும் யூடியூப் நிகழ்ச்சியையே முடித்துவிடும். மறுபடி தொடங்கினால் லிங்க் மாறிவிடும், ஊர் ஊராக இருப்பவர்களுக்கு யார் சொல்வது?

9.10. கடம் புறப்பாடு. திடீரென்று ஓபிஎஸ்ஸில் இணைப்பின் நிலையைக் காட்டும் பச்சைக் குறி சிவப்பானது, ஃப்ரேம்கள் போய்ச் சேராமல் விழுந்துகொண்டே இருந்தன. கேபிளைத் தடவிக்கொண்டே அத்தை வீட்டுக்கு ஓடினேன். திண்ணை நிறைய விருந்தாளிகள், எல்லோர் கையிலும் போன். வந்தவர்களுக்கெல்லாம் வைஃபை பாஸ்வேர்டைச் சொல்லியிருக்கிறார்கள். தயங்கித் தயங்கிச் சொன்னேன். "இதுக்கா இப்படி ஓடியாந்த? எம் பேரன் அங்கன உக்காந்து பாக்குறான், மொதல்ல அணை" என்றார் அத்தை. வைஃபையை நிறுத்தியதும் பச்சை திரும்பியது.

9.40க்குக் கலசத்தில் நீர் விழுந்தது. அந்த நொடியில் மேலிருந்த நண்பன், நாங்கள் பேசி வைத்ததற்கு மாறாக, கேமராவை வானத்துக்குத் திருப்பினான். கருடன் ஒன்று வட்டமிட்டுக்கொண்டிருந்தது. யோசிக்கவே இல்லை, எதிர் மாடியிலிருந்த கேமராவில் கலசத்தைக் காட்டிவிட்டு உடனே கருடனுக்கு மாறினேன். கீழே கூட்டம் "ஓம் நமசிவாய" என்று எழுப்பிய ஓசை, ஹெட்ஃபோனைத் தாண்டிக் காதில் விழுந்தது.

சாயங்காலம் அத்தையின் பேரன் கூப்பிட்டான். எல்லாம் தெளிவாகத் தெரிந்ததாம். "மாமா, தண்ணி ஊத்துற சத்தம் மட்டும் கேக்கல" என்றான். உண்மைதான், விமானத்தில் மைக் வைக்கவில்லை. 48ஆம் நாள் மண்டலாபிஷேகத்தையும் காட்டச் சொல்லியிருக்கிறார்கள். அபிஷேகம் நடக்கும் இடத்துக்குப் பக்கத்தில் மைக்கை எங்கே வைப்பது என்று நேற்றுப் போய்ப் பார்த்து, கேபிளையும் அளந்துவிட்டு வந்தேன்.