மார்க்காவில் ஆட்டுப்பட்டிக்குக் கம்பி வலை அடித்த அனுபவம்

பனிச்சிறுத்தைப் பாதுகாப்பு என்றால் கேமரா வைப்பதுதான் என்று பலர் நினைக்கிறார்கள். லடாக்கில், ஹெமிஸ் தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் மார்க்கா பள்ளத்தாக்கில் நான் தன்னார்வலராகச் செய்தது கொத்து வேலை, கம்பி கட்டும் வேலை.

லே நகரமே 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இறங்கியதும் சும்மா படுத்திருக்கச் சொல்வார்கள். மறுபேச்சு பேசாமல் படுத்திருங்கள். வலைச்சுருளைத் தூக்கும்போது அதன் அருமை தெரியும்.

அங்கே பட்டி என்பது கல் அடுக்கிய சுவர்தான், மேலே திறப்பு. சிறுத்தை சுவரேறி உள்ளே குதித்தால் ஆடுகளுக்கு ஓட வழியில்லை. அவை மிரண்டு சுற்றச் சுற்ற, தின்கிற அளவோடு நிற்காமல் கண்ணில் பட்டதையெல்லாம் அது கடித்துப்போடும். வெளியே வரவும் தெரியாது. விடியும்போது அந்தக் கோலத்தைப் பார்க்கும் குடும்பத்துக்கு, அதைக் கொல்லக்கூடாது என்கிற 1972 வனவிலங்குச் சட்டமா நினைவுக்கு வரும்? சிக்கிய சிறுத்தைகளை அடித்தே கொன்ற காலம் உண்டு.

கல்லும் உடலுழைப்பும் ஊருடையது. வலை, உத்தரம், கதவு நாங்கள் தன்னார்வலராகப் போன குழுவுடையது. ஊர்க்கூட்டத்தில் பெரிய பேச்சே யார் பட்டிக்கு முதலில் என்பதுதான். கடைசியில், அதிக ஆடுகளை இழந்த வீட்டுக்கு முதல் உரிமை என்று முடிவானது.

சுவரை ஒரே மட்டமாக்கி, குறுக்கே பாப்லர் மரங்களைப் போட்டு, மேலே வலையை விரித்துக் கட்ட வேண்டும். நடுப்பகுதி சுலபம். ஓரம்தான் உயிர். வலை நுனியைச் சுவருக்குள் மடக்கி, மேலே இன்னொரு வரிசைக் கல் ஏற்ற வேண்டும். அமா-லே (ஊரில் அம்மா என்று மரியாதையாக அழைக்கப்படும் பெண்) ஒருவர் ஒவ்வொரு மூலையையும் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் எங்களுக்கு வெண்ணெய்த் தேநீர் ஊற்றினார். காற்றுக்கு விட்ட சிறு துளைக்கும் வலை உண்டு. கதவும் இடுக்கில்லாமல் பொருந்த வேண்டும்.

பகலில் மேய்ச்சலில் நடக்கும் வேட்டைக்கு இது தீர்வில்லை. அதற்கு மேய்ப்பவர் கூடவே இருக்க வேண்டும். ஆனாலும் இந்தக் காசுக்கு இதைவிடப் பயனுள்ள வேலை இல்லை என்பது என் எண்ணம். 2024-இல் வெளியான கணக்கெடுப்பின்படி இந்தியாவின் 718 பனிச்சிறுத்தைகளில் 477 லடாக்கில்தான். அவற்றோடு இரவு பகலாக இருப்பது இந்த ஆடு வளர்ப்பவர்கள்.

சிறுத்தையைப் பார்த்தாயா என்று எல்லோரும் கேட்கிறார்கள். இல்லை, மண்ணில் அது பறித்த தடம் மட்டும்தான். அப்புறம், போகிறவர்கள் தடித்த தோல் கையுறை எடுத்துப்போங்கள். அந்தக் குளிரில் கட்டுக்கம்பி விரலைக் கிழித்துவிடும்.