லிஃப்ட் குழிக்குள் சிக்னல் கிடைக்காது: செல்போன் வருகைப்பதிவுக்கு நாங்கள் மாறிய அனுபவம்

கோயம்புத்தூரில் லிஃப்ட் பராமரிப்பு செய்யும் நடுத்தர நிறுவனம் ஒன்றில் நிர்வாகப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். எங்கள் மெக்கானிக்குகளின் வருகைப்பதிவை நோட்டிலிருந்து செல்போனின் இருப்பிடப் பதிவுக்கு மாற்றுவதென்று முடிவானபோது, அதை நடத்திக்கொடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. இப்போது அது ஒரு நிலைக்கு வந்துவிட்டது. இதே வேலையில் இறங்கப்போகும் நிர்வாகிகளும், இதன் கீழ் வேலை பார்க்கப்போகும் தொழிலாளர்களும் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டியவை நிறைய இருக்கின்றன. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். லிஃப்ட் மெக்கானிக் காலையில் ஆபீசுக்கு வந்து கையெழுத்துப் போடுகிறவர் அல்ல. வீட்டிலிருந்து நேரே முதல் சைட்டுக்குப் போவார். பீளமேட்டில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு, அங்கிருந்து காந்திபுரத்தில் ஒரு லாட்ஜ், மதியத்துக்கு மேல் அவிநாசி ரோட்டில் ஒரு மருத்துவமனை. இன்னொருவர் திருப்பூர் பனியன் கம்பெனிகளின் சரக்கு லிஃப்ட்டுகளைப் பார்ப்பார். மற்றொருவருக்கு மேட்டுப்பாளையமும் குன்னூரும். பிரேக், ரோப், கதவு இன்டர்லாக் எல்லாம் பார்த்து, கைடு ரயிலுக்கு எண்ணெய் விட்டு, சர்வீஸ் ரிப்போர்ட்டில் வாட்ச்மேனிடமோ மேனேஜரிடமோ கையெழுத்து வாங்கிக்கொள்வார். அந்தத் தாள்கள் வாரக்கடைசியில்தான் ஆபீசுக்கு வந்து சேரும். வருகை, பெட்ரோல் காசு, இரவு வேலைப் படி எல்லாம் அந்தத் தாளை நம்பித்தான்.

இதில் இரண்டு சிக்கல்கள் இருந்தன. ஏஎம்சி எனப்படும் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் நேரத்தில் சில வாடிக்கையாளர்கள், "உங்க ஆளு ரெண்டு மாசமா வரவே இல்லை" என்பார்கள். ரிப்போர்ட்டைக் காட்டினால், அந்தக் கையெழுத்துப் போட்ட வாட்ச்மேன் வேலையை விட்டுப் போயிருப்பார். முதலாளிக்குப் பெரிய கவலை அதுதான். என் கவலை வேறு. நடுராத்திரியில் யாராவது லிஃப்ட்டுக்குள் மாட்டிக்கொண்டால் மெக்கானிக் எழுந்து ஓடுவார். ஆளை வெளியே எடுத்து, பழுதைச் சரிசெய்து, விடியற்காலையில் வீடு திரும்புவார். அந்த நேரத்தில் ரிப்போர்ட்டில் கையெழுத்து வாங்க எவருக்கும் தோன்றாது. தாள் இல்லையென்றால் கணக்கும் இல்லை. அப்படிக் கணக்கில் ஏறாமல் போன இரவுகள் எங்களிடம் ஏராளம். இருப்பிடப் பதிவு அந்த இரவுகளுக்குச் சாட்சியாக இருக்கும் என்றுதான் நான் இதில் முழு மனதோடு இறங்கினேன்.

செயலி விற்க வந்தவர் முதலில் காட்டியது வரைபடத்தில் நகரும் புள்ளிகளை. எந்த ஊழியர் இப்போது எந்தத் தெருவில் இருக்கிறார், எங்கே எவ்வளவு நேரம் நின்றார், எல்லாம் திரையில் ஓடியது. முதலாளிக்கு அது பிடித்துவிட்டது. நான் அந்த இடத்திலேயே வேண்டாம் என்றேன். எங்களுக்குத் தெரிய வேண்டியது மூன்றுதான்: சைட்டுக்கு வந்த நேரம், கிளம்பிய நேரம், போன தூரம். நடுவில் அவர் எந்தக் கடையில் டீ குடித்தார், வழியில் யார் வீட்டில் நின்றார் என்பது எங்கள் வேலை அல்ல. முதலாளி தயங்கினார். 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் கொடுத்த ஒரு தீர்ப்பை அவரிடம் எடுத்துச் சொன்னேன். போதைப்பொருள் வழக்கில் ஜாமீன் பெற்ற ஒருவர் தன் கூகுள் மேப் இருப்பிடத்தை விசாரணை அதிகாரிக்குப் பகிர வேண்டும் என்ற நிபந்தனையை அந்தத் தீர்ப்பு நீக்கியது. குற்றம் சாட்டப்பட்டவரின் ஒவ்வொரு அசைவையும் தொடர்ந்து கண்காணிக்கும் நிபந்தனை, அரசியலமைப்பின் 21ஆவது பிரிவு தரும் அந்தரங்க உரிமைக்கு எதிரானது என்றது நீதிமன்றம். அது ஜாமீன் வழக்கு, நம்முடையது வேலை உறவு. இரண்டும் ஒன்றல்ல என்று எனக்குத் தெரியும். ஆனாலும், குற்றம் சாட்டப்பட்டவருக்கே கூடாது என்பதை நம்மிடம் வேலை பார்ப்பவருக்கு எப்படிச் செய்வது என்று கேட்டேன். அந்தக் கேள்வி அவரை யோசிக்க வைத்தது.

பிறகு மெக்கானிக்குகளைக் கூப்பிட்டுப் பேசினோம். அந்தக் கூட்டம் எளிதாக இல்லை. "ஏனுங்க மேடம், இத்தனை வருசம் நோட்டுல எழுதினதை நம்புனீங்க. இப்ப என்ன, நாங்க திருடறமா?" என்று எங்களில் மூத்த மெக்கானிக் கேட்டார். அவருடைய கேள்வியில் இருந்த வலி நியாயமானது. "அண்ணா, போன மாசம் நீங்க ராத்திரி மூணு தடவை போனதாச் சொன்னீங்க. ஆபீஸ் கணக்குல ஒண்ணுதான் இருக்கு. மத்த ரெண்டுக்கும் என்னால காசு வாங்கித் தர முடியலை" என்றேன். அதற்குப் பிறகு பேச்சு கொஞ்சம் திரும்பியது. இளைஞர் ஒருவர் நேரடியாகக் கேட்டார்: "வேலை முடிஞ்சு ஊட்டுக்குப் போனப்புறமும் நாங்க எங்க இருக்கோம்னு தெரியுமா?" தெரியக் கூடாது என்று சொன்னேன். "கூடாதுங்கறது வேற, முடியாதுங்கறது வேற மேடம்" என்றார் அவர். கூட்டத்தில் நான் கேட்ட மிக நல்ல வார்த்தை அது. அன்று இரவே செயலிக்காரரைக் கூப்பிட்டு, தொடர் கண்காணிப்பு வசதியை எங்கள் கணக்கிலிருந்தே எடுத்துவிடச் சொன்னேன். பின்னணியில் இருப்பிடம் எடுக்கும் அனுமதியைச் செயலி கேட்கவே கூடாது. 'செயலியைப் பயன்படுத்தும்போது மட்டும்' என்ற அனுமதி போதும் என்று உறுதியாக நின்றோம். ஆண்ட்ராய்டு 10 முதல் இந்த இரண்டு அனுமதிகளும் தனித்தனியாகத்தான் இருக்கின்றன. ஆகவே மெக்கானிக்கே தன் போனின் செட்டிங்ஸைத் திறந்து, எதற்கு அனுமதி கொடுத்திருக்கிறார் என்று பார்த்துக்கொள்ளலாம். எங்கள் வாக்கை அவர்கள் நம்பித்தான் ஆக வேண்டும் என்ற நிலை போனது.

ஒரு பக்கத்தில் தமிழில் விதிகளை எழுதினோம். எப்போது இருப்பிடம் எடுக்கப்படும், யார் பார்ப்பார்கள், எவ்வளவு காலம் வைத்திருப்போம், தவறான பதிவைத் திருத்த யாரிடம் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் அதில் இருந்தது. 2023இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், வேலைவாய்ப்பு தொடர்பான சில தேவைகளுக்குத் தனியாகச் சம்மதம் வாங்காமலே தரவைப் பயன்படுத்த இடம் கொடுக்கிறது. அதைக் காட்டி, கையெழுத்தெல்லாம் தேவையில்லை என்று ஒருவர் யோசனை சொன்னார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. அதே சட்டம் சம்மதம் கேட்கும் அறிவிப்பை தமிழ் உட்பட அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழிகளிலும் பெறும் வாய்ப்பைத் தருகிறது. படித்துப் புரிந்து, கேள்வி கேட்டு, பிறகு கையெழுத்துப் போட்டவர்தான் நாளைக்கு ஒரு தகராறு வந்தால் அந்தத் தாளை எடுத்து என் முன் நீட்ட முடியும். சொந்த போனில் ஏற்ற விருப்பமில்லாதவர்களுக்கு நிறுவனமே போன் கொடுத்தது. மற்றவர்களுக்கு மாத ரீசார்ஜ்.

சோதனை ஓட்டம் தொடங்கியதும்தான் உண்மையான பாடம் ஆரம்பமானது.

வரைபடத்தில் தெரியும் புள்ளியைப் பார்த்து ஆள் அங்கேதான் நிற்கிறார் என்று நினைத்துவிடுகிறோம். உண்மையில் போன் தருவது ஒரு வட்டம். 'இதற்குள் எங்கோ இருக்கிறார்' என்ற கணிப்பு. திறந்த வெளியில் அந்த வட்டம் சில மீட்டர்தான். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அங்கிருந்து வரும் சிக்னல் மிகவும் பலவீனமானது. கான்கிரீட்டைத் துளைத்து வராது. எங்கள் ஆட்களோ நாளில் பாதியைப் பேஸ்மென்ட்டிலும், லிஃப்ட் குழியிலும், மெஷின் ரூமிலும் கழிப்பவர்கள். அங்கே போன் பக்கத்து வைஃபையையும் செல்போன் டவரையும் வைத்து ஊகிக்கும். டவரை மட்டும் நம்பினால் வட்டம் பல நூறு மீட்டருக்கு விரியும், சில நேரம் கிலோமீட்டர் கணக்கில். ஆர்.எஸ்.புரத்தில் குழிக்குள் இறங்கி வேலை பார்த்துக்கொண்டிருந்தவரைச் செயலி சைட்டுக்கு வெளியே என்று காட்டி, 'ஆப்சென்ட்' போட்டது. அவர் எனக்குப் போன் செய்தபோது கையெல்லாம் கிரீஸாக இருக்கிறது என்றார். அந்த மனிதரிடம் போய் மேலே ஏறி வந்து மறுபடி பட்டனை அழுத்துங்கள் என்று சொல்ல முடியாது.

அதனால் நடைமுறையை மாற்றினோம். கட்டடத்தின் கேட்டில், திறந்த வானத்தின் கீழ் நின்று வருகையை அழுத்த வேண்டும். வேலை முடிந்து வெளியே வந்ததும் ஒரு முறை. நடுவில் எதுவும் இல்லை. சைட்டைச் சுற்றி எவ்வளவு தூரத்துக்குள் அழுத்தினால் வருகை ஏற்கப்படும் என்ற எல்லைவட்டத்தை 50 மீட்டராக வைக்கலாம் என்று விற்பனையாளர் சொல்லியிருந்தார். ஆண்ட்ராய்டின் வழிகாட்டிக் குறிப்பே குறைந்தது 100 முதல் 150 மீட்டர் வைக்கச் சொல்கிறது. நாங்கள் 150 வைத்தோம், பெரிய ஆலை வளாகங்களுக்கு அதைவிடக் கூடுதல். பதிவில் புள்ளியோடு போன் கணிக்கும் வட்டத்தின் அளவும் சேர்ந்து வர வேண்டும் என்றும் கேட்டு வாங்கினோம். 12 மீட்டர் வட்டத்தோடு வந்த பதிவும் 900 மீட்டர் வட்டத்தோடு வந்த பதிவும் ஒரே எடை உடையவை அல்ல. விற்பவர்கள் இதைத் தாமாகச் சொல்வதில்லை. கேளுங்கள்.

வாடிக்கையாளர் முகவரிகளும் படுத்தின. கூகுள் மேப்பில் குடியிருப்பின் பெயரைத் தட்டினால் புள்ளி மெயின் ரோட்டில் விழும். லிஃப்ட்டோ பின்பக்கத்து பிளாக்கில். முகவரியிலிருந்து எடுத்த புள்ளிகளைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஒவ்வொரு சைட்டுக்கும் மெக்கானிக் அடுத்த முறை போகும்போது கேட்டில் நின்று எடுத்த புள்ளியையே வைத்துக்கொண்டோம். வேலை மெதுவாகத்தான் நடந்தது. ஆனால் அதற்குப் பிறகு 'சைட்டுக்கு வெளியே' என்ற எச்சரிக்கை பெருமளவு அடங்கிவிட்டது.

சின்னச் சின்னதாக இன்னும் சில. ஆண்ட்ராய்டு 12க்குப் பிறகு அனுமதி கேட்கும்போது 'துல்லியம்', 'தோராயம்' என்று இரண்டு தேர்வுகள் வரும். தோராயத்தைத் தொட்டால் சுமார் மூன்று சதுர கிலோமீட்டர் பரப்புக்குள் எங்கோ என்றுதான் வரும். ஒருவருடைய பதிவு தினமும் தப்பாக வந்ததற்குக் காரணம் அதுதான். இன்னொருவர் போனில், செயலி உருவாக்குபவர்களுக்கான 'டெவலப்பர் ஆப்ஷன்' என்ற அமைப்பு திறந்திருந்தது. போலி இருப்பிடம் வைக்கிறார் என்று செயலி சந்தேகித்துப் பதிவையே மறுத்தது. விசாரித்தால், போன் ரிப்பேர் செய்த கடைக்காரர் திறந்துவிட்டு மூடாமல் விட்டிருக்கிறார். போலி இருப்பிடம் காட்டும் செயலிகள் இருப்பது உண்மைதான். அதற்காக எச்சரிக்கை வந்த உடனே ஒருவரை ஏமாற்றுக்காரர் என்று முடிவு கட்டக் கூடாது.

என்னை மிகவும் யோசிக்க வைத்தது குன்னூர் பாதை. பெட்ரோல் காசைச் செயலி போடும் தூரத்தை வைத்துக் கணக்கிடலாம் என்ற யோசனை இருந்தது. ஒரு பதிவுக்கும் அடுத்த பதிவுக்கும் நடுவே அது நேர்கோடு போட்டது. ஊருக்குள் அதில் கொஞ்சம்தான் குறையும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவுகளையெல்லாம் வெட்டிவிட்டு நேர்கோடு போட்டால், மெக்கானிக் ஓட்டிய தூரத்தில் பெரும்பகுதி காணாமல் போய்விடும். மழையில் நனைந்து மலை ஏறியவருக்கு, ஊருக்குள் சுற்றியவரைவிடக் குறைவான காசு! அந்தக் கணக்கை அப்படியே ஏற்றிருந்தால் ஒருவரும் எங்களை நம்பியிருக்க மாட்டார்கள், நம்பவும் கூடாது. சைட்டுக்குச் சைட் சாலைத் தூரத்தை ஒரு முறை எடுத்து அட்டவணையாக வைத்து, அதன்படியே கொடுக்கிறோம்.

இவ்வளவுக்கும் பிறகு, விதித்தாளில் ஒரு வரியைக் கூடுதலாகச் சேர்த்தோம். செயலியின் பதிவை மட்டும் வைத்து யாருடைய சம்பளத்திலும் கை வைக்கக் கூடாது. பதிவு இல்லையென்றால் முதலில் மெக்கானிக்கிடம் கேட்க வேண்டும், பிறகு வாடிக்கையாளரிடம். காகித ரிப்போர்ட்டையும் நாங்கள் நிறுத்தவில்லை. முதலாளிக்கு இது இரட்டை வேலையாகப் பட்டது. என் எண்ணத்தில் இந்த ஒரு வரி இல்லாத வருகைப்பதிவு எதுவும் தொழிலாளிக்குப் பாதுகாப்பு அல்ல.

இரவு வேலைக் கணக்கு இப்போது சுத்தமாக ஏறுகிறது. மெக்கானிக் போகும்போது ஒன்று, கிளம்பும்போது ஒன்று அழுத்துகிறார், அவ்வளவுதான். அப்படி ஏறிய மணிகளைக் கூட்டிப் பார்த்ததில் இன்னொன்று வெளியே வந்தது. எங்களுக்குப் பொருந்தும் 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வேலை நேரத்தை வரையறுக்கிறது. அதற்கு மேல் போனால் இரட்டிப்புக் கூலி. சிலர் வாரா வாரம் அந்த வரம்பைத் தாண்டிக்கொண்டிருந்தார்கள். இதுவரை அது யார் கண்ணிலும் படவில்லை. அந்தப் பட்டியலை அச்செடுத்து முதலாளி மேசையில் வைத்தேன். மிகைநேரக் கூலி கொடுக்கத் தொடங்கினோம். இரவு அழைப்புகளுக்கு முறை வைத்து, ஒருவரே அடுத்தடுத்த இரவுகளில் ஓடாமல் பார்த்துக்கொள்கிறோம். கூட்டத்தில் என்னிடம் கோபப்பட்ட மூத்த மெக்கானிக், தன் சம்பளச் சீட்டை இரண்டு முறை படித்துவிட்டு, "இது ஏப்ரல்ல நான் ஓடின ராத்திரிங்களுக்கான காசுங்களா?" என்று கேட்டார். ஆமாம் அண்ணா என்றேன்.

இப்போது ஒரு பெரிய வாடிக்கையாளர் புதிய ஒப்பந்தத்தில் எங்கள் மெக்கானிக்குகளின் நேரலை இருப்பிடத்தைத் தங்கள் பாதுகாப்புப் பிரிவு பார்க்க வழி வேண்டும் என்று கேட்கிறார். வந்த நேரம், கிளம்பிய நேரம் இரண்டையும் தருகிறோம், அதற்கு மேல் இல்லை என்று பதில் எழுதியிருக்கிறோம். எங்களிடமே இல்லாத தரவை எவருக்கும் கொடுக்க முடியாது என்பதையும் அதில் சேர்த்தேன். பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது.