கேதரின் பூத்தைத் தேடி ஒயிட்சேப்பலில்

நாகர்கோவில்காரர்களுக்குக் கேதரின் பூத் என்றால் ஆஸ்பத்திரிதான். நான் பிறந்ததும் அங்கேதான். அந்தப் பெயருக்கு உரியவரின் சிலையை லண்டனில், மைல் எண்ட் ரோட்டில் பார்த்தபோது ஊர்க்காரர் ஒருவரைச் சந்தித்த மாதிரி இருந்தது.

ஒயிட்சேப்பல் ஸ்டேஷன் பலகையில் வங்காள எழுத்தும் இருக்கிறது. வெளியே சந்தை இரைச்சல். அதைத் தாண்டினால் பிளைண்ட் பெக்கர் என்ற மதுக்கடை. 1865-இல் கேதரினின் கணவர் வில்லியம் பூத் இதன் வாசலில் நின்று ஏழைகளிடம் பிரசங்கித்தார். அப்படித் தொடங்கிய ஊழியம்தான் 1878-இல் இரட்சணிய சேனை (சால்வேஷன் ஆர்மி) என்ற கிறிஸ்தவத் தொண்டு அமைப்பு ஆனது. சற்றுத் தள்ளி இருவருக்கும் சிலைகள்.

அங்கிருந்து போவ் பகுதிக்கு நடந்தேன். பிரையண்ட் அண்ட் மே தீப்பெட்டி ஆலை இருந்த கட்டடங்கள் இப்போது அடுக்குமாடி வீடுகள். அன்று குச்சி முனையில் வெள்ளை பாஸ்பரஸ். அதன் புகை முதலில் பல்வலியைத் தரும், அப்புறம் தாடை எலும்பையே அழுகவைக்கும். 1888-இல் சுமார் 1,400 பெண்களும் சிறுமிகளும் வேலைநிறுத்தம் செய்தார்கள். முதல் குரல் அவர்களுடையதுதான், அதை மறக்கக்கூடாது.

1891-இல் சேனை பக்கத்திலேயே, ஓல்டு ஃபோர்டில், சொந்தமாக ஒரு தீப்பெட்டி ஆலை திறந்தது. ஆபத்தில்லாத சிவப்பு பாஸ்பரஸ் மட்டும். மற்ற இடங்களில் ஒரு குரோஸுக்கு, அதாவது 144 பெட்டிக்கு, இரண்டரை பென்னி கூலி. இங்கே நான்கு. பெட்டியின் விலை கூடியது, போட்டியில் நிற்க முடியவில்லை, 1901-இல் மூடிவிட்டார்கள். ஆனால் 1910 முடிவில் பிரிட்டனில் வெள்ளை பாஸ்பரஸ் தீக்குச்சிக்கே தடை வந்தது.

சேனை என்றதும் எல்லோரும் கஞ்சித்தொட்டியையும் இரவு விடுதிகளையும் சொல்வார்கள். பசித்தவருக்குச் சோறு போடுவது பெரிய காரியம்தான். எனக்கு அதைவிட இந்த ஆலைதான் பெரிதாகப் படுகிறது. உழைத்தும் ஏன் பசிக்கிறது என்று கேட்டு, கூலியில் கைவைத்தார்கள். கேதரின் அதைப் பார்க்கவில்லை. 1890-லேயே புற்றுநோயில் இறந்துவிட்டார்.

இரவு அம்மாவுக்குச் சிலையின் படத்தை அனுப்பினேன். உடனே போன் வந்தது. “மக்களே, இந்த அம்மா நம்ம ஆஸ்பத்திரிக்கு வந்திருக்காங்களா?”

“இல்லம்மா, நம்ம ஊருக்கே வந்ததில்ல.”

“பேரு மட்டும் வந்திருக்கு, என்ன?” என்றாள் அம்மா.