பணவண்டிக் காவலுக்கு ஒரு கைத்துப்பாக்கி

ஜனவரி 6

ஒன்பது வருடம் வாசல் காவல் பார்த்தேன். தடி, டார்ச், வாக்கிடாக்கி, அவ்வளவுதான். அடுத்த மாதம் முதல் பணவண்டி. இன்று மேலதிகாரி கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார். எங்கள் நிறுவனம் அனுமதிக்கும் கைத்துப்பாக்கிகள் அதில் மூன்று: ஒரு .38 ரிவால்வர், ஒரு பெரிய 9 மி.மீ. பிஸ்டல், அதே 9 மி.மீட்டரில் சற்றுச் சின்னது. எண்கள் தோட்டாவின் பருமனைக் குறிப்பவை. வண்டிக்குள் வைக்க 12 போர் ஷாட்கன் வேண்டுமென்றால் தனியாகக் கேட்டு வாங்கலாம்.

"நாலு வாரத்துல முடிவு சொல்லுங்கம்மா. லைசென்ஸ், பயிற்சி எல்லாம் அதுக்கு ஏத்த மாதிரிதான் போடணும்" என்றார்.

வண்டிக்குள் இருக்கும்போது சுற்றிலும் இரும்பு. கட்டடத்துக்குள் போய்விட்டால் ஆட்களும் கேமராவும் உண்டு. இரண்டுக்கும் நடுவே இருக்கும் நடைபாதைதான் இந்த வேலை. எங்கள் வண்டியில் இரண்டே பேர். ஓட்டுநர் அண்ணன் இருக்கையை விட்டு இறங்கக் கூடாது. ஆக, பையைத் தூக்கிக்கொண்டு நடப்பவள் நான். ஒரு கையில் பை, மிச்சம் ஒரு கை. அந்த ஒரு கைக்கு எது பொருந்தும் என்பதைத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஜனவரி 9

எல்லோரும் ஒரே அறிவுரைதான் சொல்கிறார்கள். "பெரிய தோட்டாவா எடு, ஒரே அடியில ஆள் விழணும்." இரண்டு நாளாக அதைப் பற்றிப் படித்தேன்.

1986 ஏப்ரல் 11 அன்று அமெரிக்காவில் மயாமியில் எஃப்.பி.ஐ. ஆட்கள் எட்டுப் பேர் இரண்டு கொள்ளையர்களை மடக்கினார்கள். எட்டுப் பேரில் இருவர் இறந்தார்கள், ஐந்து பேருக்குக் காயம். சண்டையின் தொடக்கத்திலேயே ஒரு கொள்ளையனின் கையைத் துளைத்து மார்புக்குள் போன 9 மி.மீ. தோட்டா இதயத்தை எட்டாமல் நின்றுவிட்டது. அதன் பிறகும் அவன் சுட்டுக்கொண்டே இருந்தான். பழி 9 மி.மீட்டர் மேல் விழுந்தது. முதலில் 10 மி.மீ. வந்தது, சுடும்போது அது கையைப் பின்னால் தள்ளும் உதை தாங்கவில்லை. 1990இல் அதைக் குறைத்து .40 அங்குலத் தோட்டா வந்தது. ஏராளமான போலீஸ் துறைகள் அதற்கு மாறின.

அப்புறம் 2014இல் எஃப்.பி.ஐயின் பயிற்சிப் பிரிவே 9 மி.மீ. போதும் என்று எழுதியது. இடையில் தோட்டா செய்யும் முறை தேறிவிட்டது. உடல் சதைக்குப் பதிலாக வைக்கும் ஜெலட்டின் கட்டியில் சுட்டுப் பார்த்தால் 12 முதல் 18 அங்குலம் வரை போக வேண்டும் என்பது அவர்கள் வைத்த அளவு. நல்ல 9 மி.மீ. தோட்டா அதை எட்டுகிறது. உதை குறைவு என்பதால் பெரும்பாலானவர்கள் அதில் வேகமாகவும் குறி தவறாமலும் சுடுகிறார்கள் என்பது அவர்கள் சொன்ன முக்கியமான காரணம்.

ஆள் உடனே விழுவது தோட்டாவின் பருமனைப் பொறுத்ததல்ல, அது எங்கே படுகிறது என்பதைப் பொறுத்தது. இதைப் படித்ததும் எனக்கு ஒரு நிம்மதி. பருமன் என் கையில் இல்லை. குறி என் கையில் இருக்கிறது.

ஜனவரி 12

சுடுதளத்தில் முதல் நாள். மூன்றையும் சுட்டுப் பார்த்தேன்.

ரிவால்வரைக் கையில் எடுத்ததுமே பிடித்துப் போனது. பிஸ்டலின் மேலே முன்னும் பின்னும் நகரும் ஸ்லைடு கிடையாது, தோட்டாக்களை அடுக்கும் மேகசின் கிடையாது. ஒரு தோட்டா வெடிக்காவிட்டால் மறுபடி ட்ரிக்கரை இழுத்தால் அடுத்தது வந்துவிடும். ஆனால் அந்த ட்ரிக்கர்! ஐந்து கிலோ அளவுக்கு இழுக்க வேண்டியிருக்கிறது. துப்பாக்கியின் எடையோ ஒரு கிலோவுக்கும் குறைவு. இரண்டு கையால் பிடித்தபோது சரியாகத்தான் போனது. இடது கையில் மணல் பையைத் தூக்கிக்கொண்டு வலது கையால் மட்டும் சுட்டேன். ட்ரிக்கர் பின்னால் வர வர முன்முனை இடப்பக்கமாகக் கீழே சாய்ந்தது. ஆறில் இரண்டு அட்டையிலேயே படவில்லை. ஆறு முடிந்த பிறகு மறுபடி நிரப்புவதை ஒரு கையால் செய்து பார்த்தேன். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, நடக்கவே இல்லை.

பெரிய பிஸ்டலில் 17 தோட்டா. பிடி தடிமன். என் கை சின்னது. பிடியின் பின்பக்கம் உள்ளங்கையின் நடுவில், முன்கையெலும்புக்கு நேராக உட்கார வேண்டும். அப்படி உட்கார வைத்தால் ஆள்காட்டி விரலின் நுனி மட்டும்தான் ட்ரிக்கரைத் தொடுகிறது. விரல் எட்ட வேண்டுமென்று கையை நகர்த்தினால் பிடி கட்டைவிரலின் மூட்டில் போய் உட்காருகிறது. பத்துத் தோட்டா சுடுவதற்குள் அந்த மூட்டு சிவந்துவிட்டது.

"உங்க கைக்கு எது பொருந்துதுன்னு பாருங்க மேடம். கையைத் துப்பாக்கிக்கு ஏத்த மாதிரி மாத்தாதீங்க" என்றார் பயிற்சியாளர். சின்னப் பிஸ்டலை எடுத்துப் பின்பக்கப் பட்டையைக் கழற்றி, இருப்பதிலேயே மெல்லியதைப் பொருத்திக் கொடுத்தார். விரலின் முதல் கணுவுக்கு முன்னால் இருக்கும் சதை ட்ரிக்கரில் அப்படியே படிந்தது. ட்ரிக்கரின் இழுப்பு இரண்டரை கிலோ போல. ஒரு கையில் பத்துக்கு எட்டு அட்டையின் நடுவில்.

அந்த அட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்தேன்.

ஜனவரி 13

மறக்காமல் இருக்க ஒரு குறிப்பு. சுடுதளத்திலிருந்து வந்தால் குளிர்ந்த தண்ணீரிலும் சோப்பிலும் கை, முகம் கழுவாமல் எதையும் சாப்பிடக் கூடாது. ஈயத் தூசி. வீட்டில் குழந்தை இருக்கிறாள், உடுப்பைத் தனியாகத் துவைக்க வேண்டும்.

ஜனவரி 17

ஷாட்கன் வேண்டுமா என்ற கேள்வியை இன்று முடித்தேன். பார்த்தாலே எதிராளி பயப்படுவான் என்கிறார்கள். இருக்கலாம். 12 போரில் டபுள் ஆட் என்னும் பெருங்குண்டுத் தோட்டா ஒன்றுக்குள் எட்டு அல்லது ஒன்பது குண்டுகள், ஒவ்வொன்றும் எட்டு மி.மீட்டருக்கு மேல். பத்தடித் தூரத்தில் எல்லாம் ஒன்றாகப் போகின்றன. தூரம் கூடக் கூட விரிகின்றன. நான் நடக்கும் இடத்தில் கடைக்குப் போகிறவர்களும் பள்ளிப் பிள்ளைகளும் இருப்பார்கள். என் குழலிலிருந்து வெளியே போகும் ஒவ்வொரு குண்டுக்கும் நான்தான் பொறுப்பு. ஒன்பதில் எட்டு சரியாகப் பட்டாலும் ஒன்பதாவதை நான் மறக்க முடியாது.

தவிர, அதற்கு இரண்டு கை வேண்டும். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

ஜனவரி 21

துப்பாக்கியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு இன்று ஹோல்ஸ்டரின், அதாவது இடுப்பில் மாட்டும் துப்பாக்கி உறையின், அருமை புரிந்தது.

பயிற்சியாளர் ஒரு நீலநிற ரப்பர் துப்பாக்கியைச் சாதாரண உறையில் வைத்து என் இடுப்பில் மாட்டினார். என்னைப் பை தூக்கச் சொன்னார். உடன் பயிலும் தம்பி பின்னாலிருந்து வந்து இழுத்தான். நான் திரும்புவதற்குள் துப்பாக்கி அவன் கையில் இருந்தது, முனை என்னைப் பார்த்தபடி. ரப்பர்தான். ஆனாலும் வயிறு கலங்கிப் போனது. காவலர்கள் தங்கள் துப்பாக்கியாலேயே சுடப்பட்ட சம்பவங்கள் எத்தனையோ உண்டு என்றார் அவர்.

அடுத்து இரட்டைப் பூட்டு ஹோல்ஸ்டர். கட்டைவிரலால் மேல்மூடியை அழுத்தி முன்னால் தள்ள வேண்டும், பிறகு உள்ளே இருக்கும் இன்னொரு கொக்கியையும் விடுவிக்க வேண்டும். தம்பி முழுப் பலத்தோடு இழுத்தான், பக்கவாட்டில் முறுக்கினான், மேலே தூக்கினான். என் இடுப்புதான் அசைந்தது, துப்பாக்கி வரவில்லை. பெல்ட்டும் தடித்ததாக இருக்க வேண்டும் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. சாதாரணத் தோல் பெல்ட்டில் உறையே புரண்டுவிடும்.

ஆனால் பூட்டு இரண்டு என்றால் எடுக்க நேரம் ஆகும். எவ்வளவு? 1983இல் டென்னிஸ் ட்யூலர் என்ற அமெரிக்கப் போலீஸ்காரர் ஒரு சோதனையைப் பற்றி எழுதினார். 21 அடி தூரத்தில் கத்தியோடு நிற்பவன் ஏறக்குறைய ஒன்றரை வினாடியில் நம் மேல் வந்து விழுவான். அதை நாங்களும் செய்து பார்த்தோம். 21 அடியிலிருந்து தம்பி ஓடி வந்தான். நின்ற இடத்திலேயே நின்று துப்பாக்கியை எடுக்கப் பார்த்தேன். மூன்று முறையும் அவன் கையிலிருந்த ரப்பர் கத்தி என்னைத் தொட்டுவிட்டது. நாலாவது முறை பயிற்சியாளர் சொன்னபடி பையை அவன் காலடியில் எறிந்துவிட்டு வண்டியைச் சுற்றி நகர்ந்துகொண்டே எடுத்தேன். அப்போதுதான் எனக்கு நேரம் கிடைத்தது.

தினம் இருபது நிமிடம், தோட்டா இல்லாத துப்பாக்கியோடு, கண்ணை மூடிக்கொண்டு அந்த மூடியைத் தள்ளிப் பழகுகிறேன்.

ஜனவரி 24

மாலையில் ஓட்டுநர் அண்ணனோடு பேசிக்கொண்டிருந்தேன். இருபது வருட அனுபவம். ஒரு முறை அவர் வண்டியை மறித்திருக்கிறார்கள்.

"சுட்டீங்களாண்ணே?"

"கையே போகலம்மா. கதவைச் சாத்தினேன், பின்னாடி கியரைப் போட்டேன், அலாரத்தை அழுத்தினேன். பை ஒண்ணு போச்சு. ரெண்டு பேரும் வீட்டுக்குப் போனோம். காசு கம்பெனியோடது, உசிரு நம்மளோடது."

எங்கள் பயிற்சிக் குறிப்பிலும் அதுதான் இருக்கிறது: உயிருக்கு உடனடி ஆபத்து, வேறு வழியில்லை, அப்போது மட்டும். முதுகு காட்டி ஓடுகிறவனைப் பைக்காகச் சுடக் கூடாது. இந்த வரியை நான் மனப்பாடம் செய்யவில்லை. அண்ணன் முகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டது, மறக்காது.

ஜனவரி 28

தோட்டா. முனை முழுக்க உலோக உறை போட்டது ஒன்று, முனையில் குழி உள்ளது ஒன்று. குழி உள்ளது உடம்புக்குள் போனதும் விரியும், அதனால் பெரும்பாலும் உள்ளேயே நின்றுவிடும். உறை போட்டது துளைத்துக்கொண்டு அடுத்தவர் மேலும் பாயலாம். 1899இன் ஹேக் பிரகடனம் விரியும் தோட்டாக்களைப் போரில் தடைசெய்தது. அதனால் இது கொடூரமானது என்று நானும் நினைத்திருந்தேன். நெரிசலான நடைபாதையில் கணக்கு வேறு. எல்லா இடத்திலும் காவலர்களுக்கு இதற்கு அனுமதி இல்லை, எங்களுக்கு உண்டு.

பணியில் எந்தத் தோட்டாவோ அதையே 200 சுட்டுப் பார்க்கச் சொன்னார்கள். 143ஆவதில் சிக்கியது. சுட்ட தோட்டாவின் காலிக் கூடு வெளியே விழாமல் புகைபோக்கி மாதிரி நிமிர்ந்து நின்றது. மேகசினின் அடியில் தட்டு, ஸ்லைடை இழுத்து விடு. இரண்டாவது முறையும் அதே மேகசினில்தான் சிக்கல். மற்ற இரண்டிலும் ஒன்றுமில்லை. மேகசின்களின் அடியில் பெயிண்டால் 1, 2, 3 என்று எழுதியிருந்ததால்தான் இது தெரிந்தது. 2ஆம் எண்ணைப் பயிற்சிக்கு ஒதுக்கிவிட்டு, புதிதாக ஒன்று வாங்கி மறுபடி 200. ஒன்றுகூடச் சிக்கவில்லை.

ஜனவரி 30

துப்பாக்கி வீட்டுக்கு வராது, அலுவலகப் பெட்டகத்திலேயே இருக்கும். முதல் நாளே கேட்டு உறுதிசெய்துகொண்டேன்.

காலி செய்யும் வரிசையை இன்று ஐம்பது முறை செய்தேன். முதலில் மேகசினைக் கழற்று. அதன் பிறகே ஸ்லைடை இழு. இந்த இரண்டும் இடம் மாறினால், ஸ்லைடு உள்ளே இருந்த தோட்டாவை வெளியே தள்ளிவிட்டு மேகசினிலிருந்து அடுத்ததை ஏற்றிவிடும். காலி என்று நம்பி ட்ரிக்கரைத் தொடுகிறவர்கள் இப்படித்தான் அடுத்தவரைச் சுட்டுவிடுகிறார்கள். கண்ணால் பார், பிறகு சுண்டுவிரலை உள்ளே விட்டுத் தடவு. விரலில் குழிதான் தட்டுப்பட வேண்டும்.

பிப்ரவரி 2

முடிவைக் கொடுத்துவிட்டேன். சின்ன 9 மி.மீ. பிஸ்டல், மெல்லிய பட்டை, இரட்டைப் பூட்டு ஹோல்ஸ்டர், தடித்த பெல்ட். இடது இடுப்பில் உபரி மேகசின், அதன் பக்கத்தில் டூர்னிகே. ரத்தத்தை நிறுத்தும் அந்தப் பட்டையை ஒரு கையாலேயே கட்டிக்கொள்ளவும் பழகியாயிற்று. துப்பாக்கியை விட அதுதான் எனக்கோ வேறு யாருக்கோ முதலில் உதவும் என்று நினைக்கிறேன்.

"ரிவால்வர் சுலபமாச்சேம்மா" என்றார் மேலதிகாரி. மணல் பையோடு சுட்ட இரண்டு அட்டைகளையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

பிப்ரவரி 9

முதல் நாள். இருக்கை பெல்ட்டின் கொக்கி ஹோல்ஸ்டரோடு இடிக்கிறது, யாரும் சொல்லாத விஷயம். வண்டி நிற்பதற்கு முன்பே பெல்ட்டை இடது கையால் கழற்றிவிட வேண்டும். அண்ணன் கிளம்புவதற்கு முன் ஐந்தாறு முறை செய்து காட்டச் சொன்னார்.

பதினோரு நிறுத்தம். பை இடது கையில், வலது கை காலியாக. யார் யார் நிற்கிறார்கள், கை எங்கே இருக்கிறது, எந்தக் கதவு திறந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டே நடந்தேன். ஒரு முறைகூட மூடியில் விரல் வைக்க நேரவில்லை.

மாலையில் பெட்டகத்தின் முன் நின்று காலி செய்தேன். மேகசின், ஸ்லைடு, கண், சுண்டுவிரல். உள்ளே ஏற்றியிருந்த தோட்டாவை மட்டும் தனியாக வைத்து அதன் அடியில் மையால் ஒரு புள்ளி வைத்தேன். ஒரே தோட்டாவைத் திரும்பத் திரும்ப ஏற்றினால் முனை கூட்டுக்குள் அமுங்கிவிடும், அப்படி அமுங்கியதைச் சுட்டால் அழுத்தம் எகிறும். புள்ளி வைத்ததைப் பயிற்சியில் சுட்டுத் தீர்ப்போம். பிறகு எண்ணினேன்.

பதிவேட்டில் எழுதினேன்: பெற்றது 30, திருப்பியது 30.