மோட்டார் போகவில்லை, ரப்பர்தான் போயிருந்தது

என்னிடம் இருப்பது ரோலண்ட் ஆர்இ-201 ஸ்பேஸ் எக்கோ, ஒலியை டேப்பில் பதிந்து எதிரொலியாகத் திருப்பித் தரும் மிஷின், 1974-இல் அறிமுகமான மாடல். கிடாரில் ஒரு ஸ்வரத்தை நீட்டிப் பிடித்தால், திரும்பி வரும் எதிரொலி நான் கேட்டுக்கொள்ளாமலேயே கமகம் போட ஆரம்பித்தது. சர்வீஸ் கடைக்காரர் டேப் மூடியைக்கூடத் திறந்து பார்க்கவில்லை. "மோட்டார் போச்சு சார்" என்றார். நம்பி விட்டுவிட்டு வந்தேன். இரண்டு மாதம் கழித்து வேறு மோட்டாரோடு திரும்பி வந்தது, அதே கமகம். மறுபடி தூக்கிக்கொண்டு போனால், "பழைய மிஷின், அப்படித்தான் இருக்கும்" என்று பதில்.

அன்று ராத்திரி எரிச்சலில் நானே மூடியைத் திறந்தேன். டேப்பை அழுத்திப் பிடித்து ஓட்டும் உருளையான பிஞ்ச் ரோலரின் ரப்பர் கண்ணாடி மாதிரி மினுங்கியது. நகத்தால் அழுத்தினால் பதியவே இல்லை. ரோலரின் தலையில் மார்க்கரால் ஒரு புள்ளி வைத்து, வேகத்தை ரொம்பக் குறைத்து ஓடவிட்டேன். மோட்டார் சுற்றும் கேப்ஸ்டன் தண்டு சீராகச் சுற்றுகிறது, புள்ளி மட்டும் தயங்கித் தயங்கி வருகிறது. டேப் வழுக்குகிறது, அவ்வளவுதான். மோட்டாரைக் குறை சொல்லும் முன் இந்த ஒரு நிமிடச் சோதனையைச் செய்துவிடுங்கள்.

புது ரோலரை மாட்டுவது சுலபம். கையோடு டேப்பையும் மாற்றலாம் என்று நினைத்தேன் பாருங்கள், அங்கேதான் சொந்தச் செலவில் சூனியம். இதில் ரீல் கிடையாது. ஒட்டிய ஒரே டேப் வளையம் மூடிக்கு அடியில் உள்ள டேப் அறைக்குள் நெளிந்து நெளிந்து ஓடும். 45 டிகிரியில் சரியாகத்தான் வெட்டினேன். ஆனால் அதை ஒட்டுவதற்கென்றே உள்ள ஸ்ப்ளைசிங் டேப் தீர்ந்திருந்ததால் சாதாரண செலோடேப்பால் ஒட்டினேன். நாலே நாளில், எப்போதோ வாசித்த ஒரு வரி பேய் மாதிரி மெலிதாகத் திரும்பத் திரும்பக் கேட்டது. எதிரொலி எத்தனை முறை திரும்பும் என்பதை வைக்கும் இன்டென்சிட்டி குமிழைப் பூஜ்யத்தில் வைத்தும் நிற்கவில்லை. அப்படியென்றால் அது எதிரொலியே மறுபடி உள்ளே போய்ச் சுழலும் ஃபீட்பேக் இல்லை, டேப்பில் பழைய ஒலி அழியாமல் கிடக்கிறது. பார்த்தால், ஒட்டிலிருந்து கசிந்த பசை, பழைய ஒலியை அழிக்கும் எரேஸ் ஹெட்டில் அப்பியிருந்தது.

பஞ்சுக்குச்சியும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் போதும்; ஐந்து ஹெட்டையும் துடைத்தேன், கேப்ஸ்டனையும் சேர்த்து. ரப்பரில் மட்டும் ஆல்கஹால் படவிடாதீர்கள், காய்ந்துவிடும். அதற்கு லேசான சோப்புத் தண்ணீர் தொட்ட துணி போதும். ஹெட்டில் ஏறிய காந்தத்தை நீக்கும் டிமேக்னடைசர் வைத்திருந்தால், மிஷினை அணைத்துவிட்டு, ஒரு கை தூரத்தில் அதை ஆன் செய்து, மெதுவாகக் கொண்டுபோய் மெதுவாக விலக்கி, தூரத்தில் வைத்தே அணையுங்கள். ஹெட் பக்கத்திலேயே வைத்து அணைத்தால் இருப்பதைவிட அதிகமாகக் காந்தம் ஏறும்.

சரியான ஒட்டுடன் புது வளையம் போட்டு அந்த நீண்ட ஸ்வரத்தை மறுபடி பிடித்தேன். அப்படியே, ஆடாமல், மூன்று முறை திரும்பி வந்தது. ஒன்றுதான் இன்னும் உறுத்துகிறது: கழற்றிய பழைய மோட்டாரைக் கடையில் கேட்டு வாங்காமலே வந்துவிட்டேன். நல்ல மோட்டார் அது.