இது நான் வாசிச்சதோ?

பாட்டை முழுக்கக் கேட்டுவிட்டு, ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தபடி வயலின் அண்ணை கேட்டார்: "தம்பி, இது நான் வாசிச்சதோ?"

"ஓம் அண்ணை."

"நல்லா வந்திருக்கு" என்றவர், தேத்தண்ணியைக் குடித்துவிட்டு 100ஆம் இலக்க பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டார்.

அது பாராட்டா, மனவருத்தமா? மூன்று மாதமாகப் பிடிபடவில்லை.

சாருகேசி ராகத்தில், மிஸ்ர சாபு தாளத்தில், சொற்களே இல்லாத நான்கு நிமிடப் பாட்டு. மெட்டு என்னுடையது. ஆனால் நான் தாளில் எழுதிக் கொடுத்தது வெறும் 'ப த நி த ப' என்ற ஸ்வரங்கள். அவர் அந்த 'த'வை, சுத்த தைவதத்தை, 'ப' என்ற பஞ்சமத்திலிருந்து அசைத்து ஏற்றி, சமத்தில், தாளத்தின் முதல் அடியில், விழவேண்டிய வில்லை ஒரு கணம் பிடித்து வைத்து, பிறகுதான் விட்டார். எனக்கு உடம்பு சிலிர்த்தது. கொழும்பு வெள்ளவத்தையில் பதிவு என்றால் தெரியும்தானே, கரையோர ரயில் போகும்வரை காத்திருக்க வேண்டும். அன்று நான்காவது தடவை வாசித்த டேக்தான் ரயில் சத்தமில்லாமல் முழுசாகக் கிடைத்தது.

இரவு எடிட்டுக்கு உட்கார்ந்தேன். கீபோர்டும் பேஸும் தாளம் காட்டும் கிளிக் சத்தத்தோடு ஒட்டி நின்றன. திரையில் வயலினின் ஒலி அலை மட்டும் தாளக் கோட்டுக்கு வலப்பக்கம் ஓர் அரிசியளவு தள்ளி, அதாவது பிந்தி, நின்றது. இழுத்துக் கோட்டில் வைத்தேன். அது சரியானதும் அடுத்தது கண்ணில் பட்டது. இப்படிப் பதினொரு இடம். வில் விழுமுன் அவர் இழுத்த மூச்சையும் வெட்டினேன்.

கீபோர்டின் கோர்ட், அதாவது சேர்ந்தொலிக்கும் ஸ்வரங்கள், மாறிய பிறகு மெட்டு வந்தால் கேட்பவருக்குப் பிசகாகத்தான் படும். கீபோர்டு வாசித்த பையனும் வெளிநாடு போய்விட்டான், அவனைத் திரும்ப வாசிக்க வைக்க வழியில்லை. வேறென்ன செய்திருக்க முடியும்?

வயலினை முதலில் பதிந்து, மற்றவர்களை அதைக் கேட்டு வாசிக்கச் சொல்லியிருக்கலாம். அப்போது தோன்றவில்லை என்று சொன்னால் பொய். தோன்றியது. நேரமாகும் என்று விட்டுவிட்டேன்.

அவரிடம் சொல்லாமல் செய்ததுதான் உறுத்துகிறது என்று சில நாள் நினைப்பேன். கேட்டிருந்தால் "செய் தம்பி" என்றுதான் சொல்லியிருப்பார். அப்படியானால் அதுவும் காரணம் இல்லையோ?

போன வாரம் பதினொரு இடத்தையும் பழையபடி வைத்து, மூச்சையும் சேர்த்துக் கேட்டேன். இரண்டு இடம் உண்மையாகவே பிந்தியிருக்கிறது, இன்றைக்கும் அவற்றைத் திருத்துவேன். மற்ற ஒன்பதில் ஏன் கை வைத்தேன் என்று தெரியவில்லை. பாட்டு வெளிவந்தாகிவிட்டது. அந்தப் பழைய டேக்கை அண்ணைக்கு அனுப்பத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். இன்னும் அனுப்பவில்லை.